அறுபதா, நூற்று எண்பதா?

போடிநாயக்கனூரிலேயே எதையும் முழுசாகப் பார்க்கத் தெரியாத ஒரே மனிதர் 'வகுத்தல்'தான். கல்லூரியில் வேதியியல் டியூட்டர். ஒரு பொருளில் எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்று சொன்னால் போதும். ஒவ்வொன்றையும் அதன் அணு எடையால் வகுப்பார். வந்ததில் சின்னதை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி வகுப்பார். அணுக்களின் விகிதம் வந்து நிற்கும். அத்தோடு விட்டாரா? ஓட்டலில் தோசை வைத்தால் மாவு இத்தனை, எண்ணெய் இத்தனை, ஓட்டை இத்தனை சதவீதம் என்று ஆரம்பித்துவிடுவார். பெயரை ஊரே வைத்தது.

எழுபதுகளில் ஒரு நாள், ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போன ஜீப்பில் அவரும் இருந்தார், நானும் இருந்தேன். போடிமெட்டு ஏற்றத்தில் வண்டி புகைந்துகொண்டு நின்றுவிட்டது.

"யாராச்சும் எறங்குங்கப்பா, லோடு சாஸ்தி" என்றார் டிரைவர்.

"பொறுங்கண்ணே, மொத்த எடையில ஆளுக்கு எத்தனை சதவீதம்னு பாத்துருவோம்" என்று குதித்த வகுத்தல், பாறையில் கரித்துண்டால் கணக்குப் போட உட்கார்ந்தார். அவர் போட்டு முடிப்பதற்குள் இஞ்சின் ஆறி ஜீப்பு சிட்டாகக் கிளம்பிவிட்டது. மனுசன் பின்னாலேயே ஓடி வருகிறார்.

"அண்ணே, நிப்பாட்டுங்க! விடை வந்துருச்சு! எறங்க வேண்டியது நீங்கதான்!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கட்டினால் இந்தக் கிறுக்கரைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

என் அதிர்ஷ்டம், கொஞ்ச நாளில் அவர் வீட்டிலிருந்தே எங்கள் ஊர் ராசிங்காபுரத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆனால் அப்பா என்னிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்: "இந்தப் பயலுக்கு நாலு எடத்துல தட்டிப் போச்சாம். இதுவும் சரிப்படலேன்னா எஸ்டேட்டுக்காரருக்குப் பேசி முடிச்சிருவேன் ஆத்தா." எஸ்டேட்டுக்காரர் சிரித்து மலையில் யாரும் பார்த்ததில்லை.

பஜ்ஜி தின்று முடித்தார்கள். "பொண்ணுகிட்ட எதுவும் கேக்கணும்னா கேளுங்க அப்பு" என்றார் அப்பா.

வகுத்தலுக்கு வேர்த்துக் கொட்டியது. "கார்பன் நாப்பது சதவீதம், ஹைட்ரஜன் ஆறு புள்ளி ஏழு, மிச்சம் ஆக்சிஜன். இது என்ன பொருளு?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எங்கள் வீட்டில் துண்டை உதறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நாலு இடத்தில் ஏன் தட்டிப் போனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் மதுரையில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். மனசுக்குள் வகுத்தேன். கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. அதற்கு மேல் நகரவில்லை. நகராது! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மூலக்கூறு எடையைச் சொல்லாமக் கேட்டா எப்பிடிங்க? அறுபதுன்னா வினிகர்ல இருக்குற அமிலம். நூத்தி எண்பதுன்னா குளுக்கோஸ். நான் எதைன்னு சொல்ல?"

வகுத்தல் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ! நாலு வீட்டுலயும் எடையைச் சொல்லாமலேயே கேட்டுட்டேனே!"

அப்பாவுக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. ஆனால் பெண் அதட்டியதும் மாப்பிள்ளை தப்பை ஒப்புக்கொண்டது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "சரியான சோடிதான். ஆத்தா, மாப்ளைக்குக் காப்பி கொண்டா, வெரசா!"

இன்றைக்கும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அடுப்படி வாசலில் வந்து நின்று, "இன்னிக்கு அறுபதா, நூத்தி எண்பதா?" என்று கேட்பார். குளுக்கோஸாக இருக்கிற நாளிலும் அறுபது என்றுதான் சொல்கிறேன். அப்போதுதான் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.