புரட்டாசியில முழுங்கின முள்ளு

புரட்டாசி கடைசி சனிக்கிழமை. எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. துளசி வாங்கிட்டு வரணும்.

அவ்வளவுதான் மக்களே. துளசி! எங்க ஊரு பத்தாங் பெர்ஜுந்தாய்ல பூக்கடை எங்க வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரம்.

என் பொண்டாட்டி கலா மாசம் பூரா விரதம். நானும்தான். மீனு, கோழி, முட்டை எதையும் தொடல. ரவாங் ஆபீஸ்ல அவளோட கான்ட்ராக்ட் வேலை பெர்மனன்ட் ஆகணும்னு பெருமாளுக்கு வேண்டுதல். அன்னிக்கு மத்தியானம் தளிகை போட்டு, ரெண்டு பேரும் சேந்து உக்காந்து கும்பிட்டு முடிக்கணும். சமைக்கிறதுக்கு எங்க அத்தை, கலாவோட அம்மா, சுங்கை சோவுலேர்ந்து விடியக்காலையிலயே வந்து அடுப்படியைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சுத்தமா உக்காந்தாத்தான் வேண்டுதல் பலிக்கும் மாப்பிள. துளசி வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துடுங்க."

"சரி அத்த."

சத்தியமா நேரா வர்ற ஐடியாலதான் கெளம்பினேன்!

பூக்கடை வாசல்ல போன் அடிச்சிச்சு. கோலசிலாங்கூர்ல பழைய ஸ்டேஷனரி கடை வெச்சிருக்கிற சீன அங்கிள்.

"பாஸ், நீ கேட்ட நிப் ஸ்டோர்ல கெடைச்சிருச்சு. லாஸ்ட் வன் லா! இன்னிக்கு கடை ஹாஃப் டே."

இங்க ஒண்ணு சொல்லிடணும். எனக்குப் பழைய மைப் பேனா முள்ளு, அதான் நிப், சேக்குற பைத்தியம் இருக்கு. டப்பா டப்பாவா வெச்சிருக்கேன். அங்கிள் சொன்ன முள்ளு, அழுத்துனா கோடு பட்டையா விரியும், விட்டா முடி மாதிரி மெலிஞ்சுடும். அந்த மாதிரி முள்ளுல ஒரு 'ழ' போட்டுப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

துளசி எங்க ஓடிடப் போகுது? விட்டேன் காரை!

கடைக்குப் போயி முள்ளை வாங்கியாச்சு. வீடு வரைக்கும் பொறுமை இல்ல. கார்ல உக்காந்தபடியே காகிதத்தைப் பிரிச்சேன். பயன்படுத்தாத பழைய முள்ளுல துருப்பிடிக்காம இருக்க எண்ணெ தடவியிருப்பாங்க. எண்ணெ போகாம மை ஒட்டாது. இதுக்கு எங்க பேனா கூட்டத்துல ஒரு வைத்தியம் இருக்கு. முள்ளை வாயில போட்டுக் கொஞ்சம் சப்பணும்.

சிரிக்காதீங்க. நெறைய பேர் செய்றதுதான்!

நானும் சப்பிக்கிட்டே சுகமா சாஞ்சிருந்தேன். போன் அடிச்சிச்சு. கலா.

"ஏங்க, துளசி வாங்க இவ்ளோ நேரமா? எங்க இருக்கீங்க?"

"கோலசிலாங்..."ன்னு வாயைத் திறந்தேன்.

லடக்!

"ஹலோ? என்னங்க ஆச்சு?"

"முள்ளு... முள்ளை முழுங்கிட்டேன்!"

கலா ஒவ்வொரு வார்த்தையா எண்ணி எடுத்து வெச்சா. "கோலசிலாங்கூர் போயி... முள்ளை... முழுங்கியிருக்கீங்க."

நம்ம ஆளுங்க கடலோரக் கோலசிலாங்கூருக்கு எதுக்குப் போவாங்கன்னு நாட்டுக்கே தெரியும், மீனு திங்கத்தான்.

"ஐயோ, மீனு முள்ளு இல்ல கலா!"

"மீனுன்னு நான் சொல்லவே இல்லையே!"

போனை வெச்சுட்டா.

வீட்டு வாசல்ல கால் வெக்கிறேன், அத்தை கையில வெறுஞ்சோத்து உருண்டையோட நிக்கிறாங்க. முள்ளு சிக்கினா சோத்து உருண்டை முழுங்கணும். அது எங்க குடும்பத்துச் சட்டம்.

"கோவத்தை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல உயிரு. வாயைத் தொறங்க மாப்பிள!"

"அத்த, இது பேனா முள்ளு..."

உருண்டை உள்ள போயிடுச்சு.

"பேனா மீனா? கேள்விப்பட்டதே இல்லையே! கடல்ல புதுசு புதுசா என்னென்னமோ வருது. இந்தாங்க, இன்னொண்ணு."

சோறு முடிஞ்சு வாழைப்பழம் ஆரம்பிச்சிச்சு. பெருமாளுக்கு வெச்சிருந்த சீப்பு! ரெண்டு பழத்துக்கு நடுவுல கெடைச்ச இடைவெளியில கலாகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன்.

"எழுதுற முள்ளை யாராவது வாயில போட்டு சப்புவாங்களா? பொய் சொன்னாலும் பொருத்தமா சொல்லுங்க. எங்க, வாயை ஊதுங்க."

ஊதினேன். கலா மூக்கைச் சுருக்கினா.

"எண்ணெ வாடை! பொரிச்ச மீனேதான்!"

"அது முள்ளுல தடவியிருந்த எண்ணெ!"

சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரல.

கலா கத்தியிருந்தா தாங்கியிருப்பேன். கத்தல. குத்துவிளக்குத் திரியைச் சரி பண்ணிக்கிட்டே, "நீங்க பூசையில உக்கார வேணாம்ங்க. நான் மட்டும் உக்காந்துக்கிறேன்"னு மெதுவா சொன்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு. ஆபீஸ்ல எல்லாரும் கோழி திங்க, அவ மாசம் பூரா வெறும் சாம்பார் சாதம் கட்டிக்கிட்டுப் போனவ. எனக்கு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு. அப்பத்தான் வயிறும் ஒரு இழு இழுத்துச்சு.

"அம்மா"ன்னு குனிஞ்சேன். பூசையை நிறுத்திட்டு மூணு பேரும் கிளினிக்குக்கு ஓடினோம்.

மலாய் டாக்டரம்மா. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அத்தை அவங்களுக்குத் தெரிஞ்ச மலாய்ல முந்திக்கிட்டாங்க. "டொக்டர்! டியா தெலான் துலாங் இக்கான்!" மீனு முள்ளை முழுங்கிட்டானாம்.

என் வாயில கார்ல திணிச்ச வாழைப்பழம் இன்னும் பாதி இருக்கு. மலாய்ல பேனா முள்ளுக்கு 'மாத்தா பென்'னு பேரு. மாத்தான்னா கண்ணு. நான் 'இல்ல இல்ல'ன்னு தலையை ஆட்டி ஆட்டி, "புக்கான், டொக்டர்! மாத்தா... மாத்தா ப்ப்..."

பழம் அடைச்சிக்கிச்சு. டாக்டரம்மா காதுல விழுந்தது மாத்தா மட்டும்தான். டார்ச்சை எடுத்து என் கண்ணுல அடிச்சாங்க.

"ஐயையோ! கண்ணுலயும் முள்ளா?"ன்னு அத்தை தலையில கை வெச்சுட்டாங்க.

ஒரு வழியா பழத்தை முழுங்கி, மேசை மேல இருந்த பேனாவை எடுத்து, நுனியைக் காட்டி, வாயைக் காட்டி, வயித்தைக் காட்டினேன். டாக்டரம்மா என்னையும் பேனாவையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. கடைசியில எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க.

எக்ஸ்ரே ரூம்ல நான் என்ன வேண்டினேன் தெரியுமா? "பெருமாளே, முள்ளு உள்ளயே இருக்கணும்!" வயித்துல இரும்பு இருக்கணும்னு வேண்டிக்கிட்ட ஒரே பக்தன் நானாத்தான் இருப்பேன்.

படம் கம்ப்யூட்டர்ல வந்துச்சு. சாம்பல் நெறத்துல என் வயிறு. நடுவுல பளிச்சுன்னு அது! நடுப்பிளவு, ஓட்டை, கூர் நுனி, அப்படியே!

"அழகா இருக்கு பாரு கலா!"ன்னு என்னை அறியாமலே சொல்லிட்டேன்.

கலா திரையை உத்துப் பாத்தா. என்னைப் பாத்தா. அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துடுச்சு அவளுக்கு. "ஏங்க... நெசமாவே பேனா முள்ளுங்க! கூறு கெட்ட மனுஷா!"ன்னு என் கையைப் பிடிச்சவ விடவே இல்ல.

அத்தை திரையைப் பாத்துக் கும்பிட்டாங்க. "எங்க மாப்பிள சுத்தம்!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு, முள்ளு வயித்தைக் குத்தல, தானா எறங்கிடும், வலிச்சா உடனே வரணும், மறுபடி படம் எடுக்கணும்னு சொன்னாங்க. "வாழைப்பழம்?"னு அத்தை கேட்டாங்க. தாராளமா குடுக்கலாமாம். என் தலையெழுத்து!

சாயங்காலம் தளிகை போட்டோம். கலா பக்கத்துல நானும் உக்காந்தேன். துளசி? அதை அத்தையே பக்கத்து வீட்டுத் தொட்டியில பறிச்சிட்டாங்க. வந்த சொந்தக்காரங்களுக்கெல்லாம் பிரசாதத்தோட சேத்து, போன்ல இருந்த என் வயித்துப் படத்தையும் காட்டினாங்க. "மாசம் பூரா விரதம். பாருங்க, வயித்துல ஒரு மீனு முள்ளு உண்டா?"

முள்ளு அப்புறம் எப்படி வெளிய வந்துச்சுன்னு கேக்காதீங்க. வந்துச்சு. வெந்நி, சோப்பு, மருந்துத் தண்ணி, திரும்ப வெந்நி. பேனாக் கட்டையில மாட்டி, மையில தொட்டு, ஒரு 'ழ' போட்டேன் பாருங்க, அடடா! வாழ்க்கையில அப்படி ஒரு 'ழ' போட்டதில்ல.

அன்னிலேர்ந்து எங்க வீட்டுல யாரும் என்கிட்ட பேனா இரவல் கேக்குறதில்ல.