மார்ச் மாதத்தை மறக்காதே

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நீங்களும் அக்காவும் நலமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. நாங்கள் நலம், உங்கள் தங்கை இரண்டு நாளாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள் என்பதைத் தவிர.

நீங்கள் தலைமையாசிரியர், நான் உங்களிடம் வேலை பார்க்கும் கணினி ஆசிரியர். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் முன்னால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்காது. இப்போது சொல்கிறேன்.

நம் பள்ளிக் கணினிகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியாது. ஒன்று எழுந்திருக்கவே இருபது நிமிஷம். இன்னொன்று பிள்ளைகள் இன்று செய்ததை நாளைக்குள் விழுங்கிவிடும். அதனால்தான், ஒரே ஒரு கணினியைச் சரியாகத் தயார்செய்து, அதை அப்படியே எக்ஸ்டர்னல் டிரைவ்களில் நகலெடுத்து, பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுக்கலாம் என்று இரண்டு வருஷமாக உங்கள் மேசைக்கு முன்னால் நின்றேன். செருகினால் போதும், எந்தக் கிழட்டுக் கணினியும் அந்த டிரைவிலிருந்தே ஓடும். செய்த பாடமும் பத்திரமாக இருக்கும். கடைசியில் சம்மதித்தீர்கள், எப்படி? "வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன். ஓடலைன்னா அந்த ரூம்ல உடைஞ்ச பெஞ்சைப் போட்டு வெச்சுடலாம்." பதினொரு வருஷமாக நான் பாடம் நடத்தும் அறை, மச்சான்.

பள்ளியில் உருப்படியாக ஒன்றும் இல்லாததால், தினமும் கையோடு கொண்டுவரும் என் சொந்த மடிக்கணினியில் பாடங்களை ஏற்றி அதைத்தான் நகலெடுத்தேன். மூன்று நாள், இருபத்துநான்கு டிரைவ். நகலெடுத்தால் பாடம் மட்டும் வராது, உள்ளே இருக்கும் அத்தனையும் வரும். இதைப் பரீட்சையில் நானே கேட்டிருக்கிறேன். ஆனால் வெள்ளிதோறும் பதினொரு மணிக்கு நீங்கள் வகுப்புகளைச் சுற்றிப் பார்க்க வருவீர்களே, அதற்காக அந்த மடிக்கணினியில் எனக்கு நானே வைத்திருந்த நினைவூட்டல் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் முன்னதாக வந்தீர்கள். இருபத்துநான்கு திரைகளும் வெளிச்சமாக இருந்தன. உங்கள் முகமும்கூட. அப்புறம் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் மணி அடித்து, ஒரே வாசகம் வந்தது: "மச்சான் வருவார். சிரித்துவிடாதே. மார்ச் மாதத்தை மறக்காதே."

"யாரு சார் மச்சான்?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"சார், எனக்கும் அதே வந்திருக்கு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம்.

நாம் உறவுக்காரர்கள் என்று பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாது. "நான்தாம்மா" என்று நீங்கள் கையைத் தூக்கியிருக்க வேண்டாம்.

வகுப்பு அடங்கவே இல்லை. நீங்களோ ஒவ்வொரு திரையாகக் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு விடாம எல்லாத்துலயும் திட்டியிருக்கே மாப்ளே. அப்போ நகல் சரியாத்தான் வந்திருக்கு. ரூம் உனக்குத்தான்," என்றீர்கள். அதற்கு நன்றி. வாசல்வரை போய்த் திரும்பி, "ஆமா, மார்ச்சுல என்ன நடந்துச்சு?" என்றீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மார்ச்சில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு ஆசிரியரையும் மேடைக்கு அழைத்து அறிமுகம் செய்தீர்கள். என் முறை வந்ததும், "பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா இவர்தான் எடுத்து விடுவார்," என்றீர்கள். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் மூன்று அப்பாக்கள் தங்கள் வீட்டுப் பிரிண்டரைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். நான் ஒவ்வொரு வெள்ளியும் மறக்காமல் இருந்தது உங்களுக்கு ஞாபகமே இல்லை என்பதை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், நீங்கள் உட்பட.

பின்குறிப்பு: இதை முடித்த பிறகுதான், நீங்கள் கொடுத்தனுப்பிய சீட்டை உங்கள் தங்கை நீட்டினாள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளோடு நான் மேடையேறி டிரைவ்களை ஓட்டிக் காட்ட வேண்டுமாம். "அறிமுகத்தை நீயே பண்ணிக்கோ மாப்ளே. எனக்கு வராது," என்று எழுதியிருக்கிறீர்கள். நினைவூட்டலை அழித்துவிட்டேன். மேலே உள்ள எதையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒரே தெருவுல இருக்கிற அண்ணனுக்குத் தபாலா?" என்கிறாள் இவள். நான்கு பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டால் புகாராகிவிடும். ஆகவே போடாமலே தபாலில் சேர்க்கிறேன். எழுதியது யார் என்று தெரியவில்லை என்றீர்களானால், அதையும் மனதில் வைத்துக்கொள்வேன்.