ஐந்தாவது கியரும் என் பென்சிலும்

பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் ஒரு பெண்ணிடம் பொறுப்பான வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. என் கணவர் ஒப்படைத்தார்.

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு மறுவருடம் அது. மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் ஒரு கார் பட்டறையில் அவர் மெக்கானிக். செட்டியார் வீட்டு மகன் ஒருவர் (பட்டறையில் அவர் ‘சின்ன முதலாளி’) தம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு நான்கு கியர் போதாதென்று, கப்பலில் ஒரு கூடுதல் கியரை வரவழைத்தார்.

“மலாக்கா ரோட்டுல அஞ்சாவது கியர் விழறதுக்குள்ள கார் கடல்ல விழுந்துரும்லா!” என்று பட்டறையே சிரித்தது. என் கணவர் மட்டும், “இன்ஜின் அலட்டாம ஓடும்” என்று சொல்லிப் பொருத்தினார். அதை நிரூபித்தால் அவர்தான் தலைமை மெக்கானிக் என்று பட்டறை உரிமையாளர் சொல்லிவிட்டார்.

நிரூபிக்க எண்கள் வேண்டும். ஒரே வேகத்தில் நாலாவது கியரில் இன்ஜின் எத்தனை சுற்று, ஐந்தாவதில் எத்தனை சுற்று என்று மீட்டர் முள்ளைப் பார்த்து எழுத வேண்டும்.

“நீதான் கான்வென்ட்ல படிச்சவ. ஏறு.”

“பாப்பா?”

“மடியில வச்சுக்க.”

எட்டு மாத மகள் இரவெல்லாம் தூங்க மாட்டாள். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று நான் தூங்க மாட்டேன். அப்படியே ஏறினேன்.

கடலோரக் கிளேபாங் வரைக்கும் நாலாவது கியர். இன்ஜின் உறுமியது, மகள் அலறினாள், நான் முத்து முத்தாக எழுதினேன். பிறகு அவர் ஐந்தாவதைப் போட்டார். உறுமல் சட்டென்று இறங்கி, ஒரு முணுமுணுப்பானது. தென்னைகள் ஒவ்வொன்றாக வந்து தலையாட்டிவிட்டுப் போயின. கடல் எங்கள் கூடவே வந்தது. உப்புக் காற்று மகளின் கண்களை மூடிவிட்டது. உலகத்தில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லை.

“அம்பது! எழுதினியா?” என்று கேட்டாராம். “ம்” என்றேனாம். “அறுபது?” அதற்கும் “ம்”.

கண் விழித்தபோது பட்டறை வாசல். சின்ன முதலாளி நோட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது கியர் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஓர் எண், 2. அதன் வால் வளைந்து நெளிந்து தாளின் அடிவரை போயிருந்தது.

“இது என்னாக்கா, ரோட்டு மேப்பா?”

என் கணவரின் முகம் வெளுத்தது. நான் ஒரு பொய் எண் சொல்லலாமா? சொன்னால் கார் கெட்டுவிடுமோ? கார் கெட்டால் இவர் வேலை?

“நல்ல கியர் தம்பி,” என்றேன். “நானும் பாப்பாவும் தூங்கிட்டோம்.”

“ஸ்போர்ட்ஸ் கார்லயா?” அவர் குரல் உடைந்தது. “பக்கத்துல உக்காந்தவங்க அலறணும்னுதானே இத வாங்குனேன்!”

“இன்னொரு தடவ ஓட்டிக் காட்டுறேன் முதலாளி,” என்றார் என் கணவர்.

“வேணாண்ணே. இதுக்கு மேல என்னா சாட்சி? கழட்டிருங்க.”

கழற்றினார். தலைமை மெக்கானிக் பதவி வேறொருவருக்குப் போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அழுதேன். அவரோ, “ரெண்டு பேருமேவா தூங்குனீங்க?” என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். கோயில் சொற்பொழிவில் என் தலை சாய்ந்தால், “அப்பா, அம்மாவுக்கு அஞ்சாவது கியர் விழுந்துருச்சி!” என்று ஊருக்கே கேட்கும்படி சொல்கிறாள்.

“முள்ளப் பாத்து எழுதிக்கம்மா,” என்கிறார் அவர்.