மாப்பிள்ளைக்கு எந்தப் படை?

"கடல்ல என்ன மாப்பிள்ளை பயம்? வெறும் தண்ணிதானே!"

"அந்தத் தண்ணிதான் மச்சான் பயம்."

ரொட்டிக்கடைக்காரன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டான். அவன் கட்டிக்கொள்ளப்போகிறவளுக்கு மூன்று அண்ணன்கள். ஆளுக்கொரு படையில் வேலை. விடுமுறையில் வந்திருந்த அவர்களுக்கு அவன் மனசுக்குள் வைத்த பெயர்கள்: தரை, கடல், ஆகாயம். அவளுடைய அப்பாவும் பழைய பட்டாளத்துக்காரர். "சீருடை போடாதவனுக்கு எம் பொண்ணு இல்ல" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அவள் இல்லாத வாழ்க்கை உப்பில்லாத ரொட்டி. சேர்ந்துவிடுவது என்று அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு தீர்மானித்துவிட்டான். எதில் என்பதுதான் சிக்கல்.

முதலில், எதிரே நின்று பேசிக்கொண்டிருந்த கடலுக்கே தலையாட்டினான். செய்தி எட்டியதும் தரை வந்து அடுப்பருகே நின்றார். "தரையில விழுந்தா தட்டிட்டு எழுந்துக்கலாம் மாப்பிள்ளை. கடல்ல விழுந்தா மீனுக்குத்தான் விருந்து."

நியாயமாகப் பட்டது. தரை என்று மாற்றிச் சொன்னான். மறுநாள் கடல் அவனைப் பார்த்தும் பாராததுபோல எதிர்ச்சாரியில் போனார்.

சமாதானம் பண்ணுவதாக நினைத்து, "யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம். விமானப்படைக்கே போயிடறேன்" என்றான். சாயங்காலமே தரையும் கடலும் சேர்ந்து வந்து அவனை மொட்டைமாடிக்கு இழுத்துப்போய், "கீழ எட்டிப் பாருங்க" என்றார்கள்.

பார்த்தான். மறுபடி கண் திறந்தபோது ஆகாயம் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல மாப்பிள்ளை. மேகத்துக்கு மேல போயிட்டா கீழ எதுவுமே தெரியாது."

"உங்கண்ணனுங்களுக்கு என்மேல இவ்வளவு பாசமா?" என்று அவளிடம் கேட்டான்.

"எனக்கே ஆச்சரியமா இருக்கு. எனக்கு ஒரு மிட்டாய்கூட விட்டுக்கொடுத்ததில்ல. உனக்காக இப்படி அடிச்சுக்கறாங்க!"

அவனுக்குக் கண் கலங்கியது. இப்பேர்ப்பட்ட குடும்பத்துக்காக ஒரு கடையை மூடினால்தான் என்ன?

கடைசியில் தரைப்படை என்றே முடிவு செய்தான். விழுந்தாலும் பக்கத்திலேயே விழலாம். ஆள்சேர்ப்பு நாளன்று விடியற்காலையில், அணையவே விடாத அடுப்பைத் தானே அணைத்தான். கதவைச் சாத்திப் பூட்டை மாட்டினான்.

ஆகாயம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தரைன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஆமா மச்சான். தப்பா நினைச்சுக்காதீங்க."

ஆகாயம் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, அவன் கையைப் பூட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"'வேலையை விடணும்னா, உனக்குப் பதிலா உன் படைக்கு ஒருத்தனைச் சேர்த்துவிட்டுட்டு வா'ன்னு எங்கப்பா மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டாரு மாப்பிள்ளை, கொஞ்சம் விமானப்படைன்னு மாத்திச் சொல்லுங்களேன், இந்த அடுப்பை நான் பார்த்துக்கறேன்!"