எட்டாம் நம்பர் மாப்பிள்ளை

எனக்கு நன்றாக இங்கிலீஷ் வரும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதற்கான தண்டனையைப் பதினோரு வருடமாக அனுபவித்து வருகிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எங்கே போனாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர், "அந்த வெள்ளைக்காரர் கதையச் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. என் மாமனார் சொல்வார். நான் பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தால் போதும். கோபப்படும் தெம்பெல்லாம் நாலாவது வருடமே போய்விட்டது. ஒரு தடவையாவது நானே முழுசாகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். (மாமனார் பஞ்சாங்கத்தைத் தவிர எதையும் படிக்க மாட்டார் என்ற தைரியம்தான்.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் அடி அண்ணாமலை. வேலை செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில். ஆறிலிருந்து எட்டு வரை வெந்நீர் வரும், சாவியை இங்கே கொடுங்கள், குரங்கு ஜாக்கிரதை. இந்த மூன்றையும் இங்கிலீஷில் தடுமாறாமல் சொல்வேன். நாலாவதாக எது கேட்டாலும் "யெஸ் சார்". இதை வைத்துக்கொண்டு கல்யாணத் தரகர், "பையன் சரளமா இங்கிலீஷ் பேசுவான்" என்று பேகோபுரத் தெரு ஜோசியர் ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டார். பெண் பார்க்கப் போன அன்று ஜோசியர் நேராகவே கேட்டார். நானும், "நல்லா வருங்க" என்றேன்.

பெண்ணின் பெயர் சுமதி. டீச்சர். (எந்தப் பாடம் என்று தரகரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கிலீஷ் டீச்சர் என்று தெரிந்திருந்தால் காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்திருப்பேன்.) பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துப் போயிற்று. பத்துப் பொருத்தத்தில் எட்டு பொருந்தியது. ஆனால் ஜோசியருக்கு வேறொரு பொருத்தமும் தேவைப்பட்டது. அவரிடம் அப்போதுதான் வெளிநாட்டுக்காரர்கள் ஜாதகம் பார்க்க வர ஆரம்பித்திருந்தார்கள். மொழிபெயர்க்க ஆளில்லை. மகளைக் கேட்டால், "எனக்கே நம்பிக்கை இல்லாதத நான் எப்டிப்பா இங்கிலீஷ்ல சொல்றது? பொய் சொல்ல எனக்கு வராது" என்று சொல்லிவிட்டாளாம்.

"வர்ற ஞாயித்துக்கெழம ஒரு வெள்ளைக்காரர கூட்டினு வாங்க. நீங்க பேசுறதப் பாத்துட்டு மேற்கொண்டு பேசலாம்" என்றார் ஜோசியர். என் கல்யாணம் ஒரு வெள்ளைக்காரர் கையில் போய்விட்டது.

அந்த வெள்ளைக்காரர் டெரெக். எங்கள் கெஸ்ட் ஹவுஸ் மாடியில் மூன்று வருடமாக இருந்தவர். எழுபதைத் தாண்டியவர். குமரேசன் என்ற என் பெயர் வாயில் நுழையாமல் என்னைக் குமார் என்பார். வீடு, கார், போன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்ள வந்தவர். காலையில் டீ குடிக்கும்போது மட்டும் மற்றவர்களோடு சண்டை போடுவார். சண்டையில் என் காதில் விழுந்த வார்த்தைகள்: சார்ட், அறுபத்திரண்டு, நம்பர் எட்டு.

விஷயம் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். அறுபதுகளின் ஆரம்பத்தில் அவர்கள் ஊரில் வாராவாரம் எந்த இசைத்தட்டு எவ்வளவு விற்றது என்று பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டுப் பத்திரிகையில் வெளியிடுவார்களாம். அந்தப் பட்டியல்தான் சார்ட். பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டுக்கு சிங்கிள் என்று பெயர். டெரெக் இருபது வயதில் ஒரு சிங்கிள் பாடியிருந்தார். அது எட்டாம் இடம் வரை போனது என்பது அவர் கட்சி. வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டு எப்போதோ தொலைந்துவிட்டது. டீக்கடை நண்பர்கள் யாரும் நம்பவில்லை. எல்லாவற்றையும் துறந்தவர் அந்த எட்டை மட்டும் துறக்கவில்லை.

அன்று எனக்குத் தெரிந்த சார்ட் இரண்டே இரண்டு. ஸ்டேஷனரி கடையில் விற்கும் சார்ட் பேப்பர் ஒன்று. வெளிநாட்டுக்காரர்கள் ஜோசியரிடம் எடுத்துப் போகும் ஜாதகக் கட்டம் இன்னொன்று. எழுபது வயதில் ஒருவர் சார்ட் பேப்பருக்காகச் சண்டை போட மாட்டார் என்று முடிவு செய்தேன்.

"சார், மை மாமா, சார்ட் மாஸ்டர்" என்றேன். பெண் பார்க்கப் போனபோது கண்ணில் பட்ட பஞ்சாங்க பீரோ ஞாபகம் வந்தது. "ஓல்ட் சார்ட், பீரோ ஃபுல். சிக்ஸ்டி டூ ஆல்சோ."

டெரெக் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஜாதகத்தின் மேல் இத்தனை பக்தியா என்று எனக்கும் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜோசியர் வீட்டுக் கூடத்தில் மூவரும் உட்கார்ந்தோம். சுமதியும் அவள் அம்மாவும் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால். ஜோசியர் பீரோவைத் திறந்து, தன் அப்பா காலத்திலிருந்து சேர்த்து வைத்த பஞ்சாங்கங்களைக் காட்டினார். டெரெக் எழுந்து நின்றே விட்டார்.

"அறுபத்திரண்டு, பிப்ரவரி முதல் வாரம் இருக்கிறதா?" என்று இங்கிலீஷில் கேட்டார். மாதமும் வருடமும் எனக்குப் புரிந்தது. அதைச் சொன்னதும் ஜோசியர் நிமிர்ந்தார்.

"அடேங்கப்பா! அஷ்ட கிரகச் சேர்க்கை! மகரத்துல எட்டு கிரகம் ஒண்ணா கூடின வாரம்பா அது. ஒலகம் அழிஞ்சிடும்னு ஊரே பயந்துனு இருந்துச்சு. அந்த வாரம் இவருக்கு இன்னா ஆச்சு?"

டெரெக் சொன்னார்: "என் சிங்கிள் எட்டாம் இடத்துக்கு வந்தது. ஏழு வாரம் இருந்தது. பிறகு விழுந்துவிட்டது." நான் சொன்னேன்: "அவரு சிங்கிளுங்க. தனி ஆளு. எட்டாம் இடம். ஏழு வாரம் இருந்து, கீழ வுழுந்துட்டாராம்."

"எட்டாம் எடம் ஆயுள் ஸ்தானமாச்சே" என்று ஜோசியர் முகம் சுருங்கியது. "வுழுந்ததுல அடி பலமா?"

அடிக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். "பிக் ஹிட், சார்?" என்றேன்.

டெரெக் அடக்கமாகச் சிரித்தார். பெரிய ஹிட் என்று சொல்ல முடியாது, சின்ன ஹிட்தான், அதுவும் பெரும்பாலும் வடக்கே என்றார். "பெரிய அடி இல்லீங்க, சின்ன அடிதானாம். வடக்குப் பக்கமா" என்றேன். கதவுக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். டெரெக்குக்கு மனசு திறந்துவிட்டது. உண்மையில் அந்தத் தட்டின் பின்பக்கத்தில் இருந்த பாட்டுதான் இன்னும் அருமை, ஆனால் ஒருத்தரும் தட்டைத் திருப்பிப் போடவே இல்லை என்று வருத்தப்பட்டார். எனக்குப் புரிந்த ஒவ்வொரு வார்த்தையையும் விசுவாசமாகத் தமிழில் சேர்த்தேன்.

"அவருக்குப் பின்பக்கம் ரொம்ப நல்லா இருக்குமாங்க. ஆனா யாருமே திருப்பிப் பாக்கலையாம்."

சமையல்கட்டில் ஒரு தட்டு விழுந்தது. தொடர்ந்து, பின்வாசல் வழியாக யாரோ ஓடும் சத்தம். ஜோசியர் மட்டும் கலங்கவில்லை. கண்ணை மூடி, விரல் விட்டு எண்ணி, தீர்ப்புச் சொன்னார்.

"எட்டுல சனி. அதான் கல்யாணமும் ஆவல, யாரும் திரும்பியும் பாக்கல. கிரிவலப் பாதையில எட்டு லிங்கத்துக்கும் நடந்து போயி, ஒவ்வொண்ணுலயும் வெளக்கு ஏத்தணும். எட்டுல இருக்கறவரு ஒண்ணுக்கு வந்துடுவாரு. நீங்களே கூட போயிட்டு வாங்க மாப்ள. போன இப்டி குடுத்துட்டுப் போங்க, பரிகாரத்துல போன் ஆவாது."

மாப்ள என்றாரே, அதற்கப்புறம் என் காதில் எதுவும் ஏறவில்லை. டெரெக்கிடம், "சார், எய்ட் பிளேஸ் வாக். ஸ்டார்ட் நம்பர் எய்ட். லாஸ்ட் நம்பர் ஒன். தேர், சார்ட் ஓகே" என்றேன். அவர், "கவுண்ட்டவுன்!" என்று கத்தி ஜோசியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எட்டிலிருந்து ஒன்று வரை ஒவ்வொரு நிறுத்தமாகப் போனால் கடைசியில் அந்தப் பத்திரிகைப் பட்டியல் கிடைக்கும் என்று அவர் புரிந்துகொண்டது எனக்கு எப்படித் தெரியும்? ராக்கெட் விடும்போது சொல்வார்களே, அது மாதிரி ஏதோ உற்சாகம் என்று நினைத்தேன்.

பங்குனி வெயில். பதினாலு கிலோமீட்டர். வெறுங்கால்.

இந்திர லிங்கத்தில் விளக்கு ஏற்றியதும் டெரெக், "நம்பர் எட்டு, இது நான்" என்று அறிவித்துவிட்டு, தன் பாட்டை முழுசாகப் பாடினார். வெள்ளைக்காரர்கள் மந்திரத்தை அவர்கள் மெட்டில்தான் சொல்வார்கள் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்னி லிங்கத்தில் நம்பர் ஏழு. எம லிங்கத்தில் ஆறு. அது வெறும் கிடார் வாசிப்பாம், பாட்டே கிடையாதாம். அதையும் வாயாலேயே வாசித்தார். நிருதி லிங்கத்து நம்பர் ஐந்து ஆடுகிற பாட்டு. இடுப்பை மட்டும் திருப்பி ஆட வேண்டும், காலை நகர்த்தக் கூடாது. சூடம் விற்கும் அம்மா என்னிடம், "சாமி வந்துடுச்சா இவருக்கு?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

நடுநடுவே அவர் பாடமும் எடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு பாட்டு இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டுமாம். பாட்டில் பாதிக்கு மேல் "ஊ... ஊ..." என்று இருந்தால் நிச்சயம் முதல் பத்துக்குள் வந்துவிடுமாம். காதலி செத்துப்போனால் முதல் ஐந்து. அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை, கால் வேறு கொப்புளித்திருந்தது. எல்லாவற்றுக்கும் யெஸ் சார் சொன்னேன்.

வருண லிங்கத்தில், காதலி செத்துப்போன நம்பர் நாலு. அதை முடிக்காமலே நடந்து என் சொந்த ஊருக்குள் நுழைந்தோம். டெரெக் அழுதுகொண்டே பாடுகிறார், என் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறார். எங்கள் சித்தப்பா கடை வாசலில் நின்று, "இன்னாடா குமரேசா, யார்ரா செத்துட்டாங்க?" என்றார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

வாயு, குபேரன் எல்லாம் தாண்டி ஈசான்ய லிங்கத்துக்கு வந்தபோது மணி மூன்றரை. நம்பர் ஒன்றைப் பாடி முடித்துவிட்டு டெரெக் என்னைப் பார்த்தார். சார்ட் எங்கே என்றார். நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "ஃபினிஷ் சார். சார்ட் குட் நவ்" என்றேன். திரும்பவும் கேட்டார். அதையேதான் சொன்னேன். அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி, சரி" என்று தலையை ஆட்டி, பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். எதையோ பெரிதாகக் கெடுத்துவிட்டேன் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. என் கல்யாணமும் அவ்வளவுதான் என்று தோன்றியது.

அப்போதுதான் சுமதி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கையில் மோர் பாட்டில். டெரெக்கிடம் மடமடவென்று இங்கிலீஷில் பேசினாள். அவர் வாயைப் பிளந்து கேட்டார். சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சுமதி என் பக்கம் திரும்பி, சார்ட் என்றால் என்ன, சிங்கிள் என்றால் என்ன, பின்பக்கம் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் படியிலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

"சிரிப்ப அடக்கவே பத்து நிமிசம் ஆச்சு. வாசலுக்கு வந்து பாத்தா நீங்க கெளம்பிட்டீங்க. போன் பண்ணா, உங்க போன் எங்க வூட்ல அடிக்குது. அப்புறம் நெட்ல தேடினேன். அந்த வாரத்துப் பட்டியல் கெடச்சுது" என்று தன் போனை எடுத்தாள்.

டெரெக் எழுந்துவிட்டார். கண்ணாடி கொண்டு வரவில்லை. படித்துச் சொல்லும்படி கேட்டார். நான் சுமதியின் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் பார்த்தேன். இங்கிலீஷ் வராவிட்டாலும் நம்பர் படிக்க வரும். டெரெக் பெயருக்கு முன்னால் முப்பத்தெட்டு என்று இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். சுமதி என் காலை மிதித்தாள், சரியாகக் கொப்புளத்தின் மேலேயே.

"நம்பர் எய்ட்" என்று அவரிடம் சொன்னாள், வகுப்பில் பாடம் நடத்தும் குரலில்.

டெரெக் என்னைப் பார்த்தார். "குமார், நீயும் பார். சரியா?" என்றார். அன்று காலையிலிருந்து நான் தெரியாமல் சொன்ன தப்புகள் ஆயிரம். தெரிந்தே ஒன்று சொன்னேன். "யெஸ் சார். நம்பர் எய்ட். கரெக்ட்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றார்.

பொய் சொல்ல வராதவள் அன்று சாயங்காலம் அப்பாவிடமும் எட்டு என்றே சொன்னாள். அப்படியே, இந்தப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "மொழிபெயர்ப்புக்கு வேணா வேற ஆள் பாத்துக்குங்க" என்றாளாம்.

டெரெக் போன வருடம் போய்ச் சேர்ந்தார், கடைசி வரை நம்பர் எட்டாகவே. எங்கள் வீட்டில் சாம்பார் எப்படி என்று சுமதி கேட்டு, நான் பிரமாதம் என்றால், கரண்டியோடு நின்று, "எட்டா, முப்பத்தெட்டா?" என்பாள். இப்போது என் மகளும் கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.

போன வாரம் மைத்துனர் வீட்டுக் காதுகுத்து. வழக்கம்போல் பந்தி, வெற்றிலை, கதை. பின்பக்கம் வந்தது, மண்டபம் சிரித்தது, நான் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். மாமனார் எப்போதும் முடிக்கும் இடத்துக்கு வந்தார்.

"இவரு சொன்னதெல்லாம் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா எட்டு கிரகம் கூடின வாரம், எட்டாம் எடம்னு ஜோசியம் பலிச்சுதா இல்லையா? நெட்லயே போட்டிருக்கான்! எம்பொண்ணே பாத்தா. மாப்ளயும் பாத்தாரு. எவ்ளோ மாப்ள?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எட்டுதாங்க மாமா" என்றேன்.

பெண்கள் வரிசையிலிருந்து சுமதியின் குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. பின்பக்கம் யாருக்கும் கேக்கல."

சத்தமாகவே சொன்னேன்.