வேர் விட்டிருக்கா?

வேர் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. கேள்விப்பட்டதில்லையா? உங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருப்பார்கள். ஒரு குச்சியை மண்ணில் ஊன்றுவார்கள், கையைக் கழுவுவார்கள், காபி குடிப்பார்கள், திரும்பி வந்து அதே குச்சியைப் பிடுங்கி அடியில் வேர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். விட்டிருக்காது. ஒரு காபி நேரத்தில் எந்தக் குச்சிதான் வேர் விடும்? மறுபடி ஊன்றுவார்கள், மறுநாள் மறுபடி பிடுங்குவார்கள். பத்தாம் நாள் குச்சி அழுகியதும், இந்த ஊர் மண்ணே சரியில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

இவர்களை வெறும் அவசரக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவசரக்காரன் ஓடிப்போய்விடுவான், தொல்லை விட்டது. வேர் பார்க்கிறவர் இருக்கிற இடத்தை விட்டு நகரவே மாட்டார். அவருக்கு அக்கறை. பாலுக்கு உறை ஊற்றிவிட்டு, மணிக்கொரு தரம் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்து, தயிரும் இல்லாத பாலும் இல்லாத ஒன்றை வீட்டார் தலையில் கட்டுகிறவர் இவர்தான். இட்லி வேகும்போது ஐந்து முறை மூடியைத் திறக்கிறவரும், செகந்திராபாத்தில் மகனை ரயிலேற்றிவிட்டு, காஜிப்பேட்டை வருவதற்குள் ஏழு முறை போன் போட்டு "தூங்கிட்டியாப்பா?" என்று எழுப்பிக் கேட்கிறவரும் இவரேதான்.

செகந்திராபாத்தில் எங்கள் அல்வால் காலனியில் இந்த இனத்துக்குத் தலைவர் ஜெகநாதன். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். யாரோ செய்துவைத்த பொருளை எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, "ம்ஹூம்" என்று கீழே வைப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். தொழிற்சாலை அவரை அனுப்பிவிட்டது. கைக்கு மட்டும் ஓய்வு கொடுக்க மறந்துவிட்டது. ஒரு தடவை அவர் வீட்டுக் கோழி அடைகாத்தது. இவர் தினம் ஒவ்வொரு முட்டையாக எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பத்தொன்பதாம் நாள் அந்தக் கோழிக்கே தன் மேல் சந்தேகம் வந்து, எழுந்து பொல்லாரம் பக்கம் நடந்து போய்விட்டது. இன்றுவரை திரும்பவில்லை. நம்பாவிட்டால் கோழியைக் கேட்டுப் பாருங்கள்.

அவருக்கு அடுத்த வீடு ஆக்னஸ் டீச்சருடையது. வாசலில் ஒரு ஈழத்தலரி மரம். உங்களில் சிலர் கள்ளிமந்தாரை என்பீர்கள், இங்கே தெலுங்கில் தேவகன்னேரு, நர்சரிக்காரர் வாயில் ப்ளூமேரியா. டீச்சரின் கணவர் ஜெயச்சந்திரன், கல்யாணமான வருஷம் நட்ட மரம். நடுவில் மஞ்சள், ஓரத்தில் இளஞ்சிவப்பு; அந்த நிறம் வேறெங்கும் இல்லை என்று டீச்சர் சாதிப்பார். கணவர் போன பிறகு, ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் அந்த மரத்தின் ஐந்து பூக்கள் அவர் கல்லறைக்குப் போகும்.

மார்ச் மாதம் ஒரு மாலை அடித்த ஆலங்கட்டி மழையில் மரம் இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே முழுக்கச் செல்லரிப்பு. உருப்படியாக மிஞ்சியது முழங்கை நீளத்துக்கு ஒரே ஒரு கிளை. அதே வாரம் பெங்களூரில் மகளுக்குப் பிரசவம். டீச்சர் அந்தக் கிளையைக் குழந்தை மாதிரி வெள்ளைத் துணியில் சுற்றி, ஜெகநாதனின் மனைவி மங்களத்திடம் கொடுத்தார்.

"பத்து நாள் நிழல்ல சும்மா போட்டு வை மங்களம். வெட்டின இடத்துல பால் காஞ்சு தோல் கட்டட்டும். அப்புறம் மணல் கலந்த மண்ணுல நட்டு, ஆடாம ஒரு கம்போட சேத்துக் கட்டிடு. நட்ட அன்னைக்கு ஒரு சொம்பு தண்ணி. அவ்வளவுதான். இலை வர்ற வரைக்கும் ஊத்தவும் கூடாது, தொடவும் கூடாது."

"எத்தனை நாள் ஆகும் டீச்சர்?"

"ஒன்றரை மாசம் ஆகும், ரெண்டு மாசமும் ஆகும். நாம சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருப்பதா? ஜெகநாதன் வீட்டிலா?

காயப் போட்ட நாட்களிலேயே, காய்ந்திருக்கிறதா என்று நகத்தால் இரண்டு முறை சுரண்டிப் பார்த்தார். இரண்டு முறையும் புதுப் பால் வந்தது. பத்து நாள் பதினாறு நாளாயிற்று. ஒருவழியாக நட்ட மூன்றாம் நாள் காலை மங்களம் வாசலுக்கு வந்தால், கிளை அவர் கையில், கை வெளிச்சத்தில்.

"ஏங்க! கைக்கு அதைப் பிடுங்கினீங்க?" எங்கள் ஊர்ப் பேச்சில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'.

"பிடுங்கல. செக் பண்றேன்."

"மூணு நாள்ல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இல்லைன்னும் தெரியணும்ல? டீச்சர் வந்து கேட்டா என்ன சொல்லுவே? ரிப்போர்ட் வேணாமா?"

ரிப்போர்ட் இருந்தது. பழைய டைரியில் கோடு போட்டு எழுதிவைத்திருந்தார். மூன்றாம் நாள்: வேர் இல்லை. நான்காம் நாள்: வேர் இல்லை. ஐந்தாம் நாள்: வேர் இல்லை, கிளை சற்றுச் சோர்வாக இருக்கிறது, காரணம் தெரியவில்லை.

மங்களம் லேசுப்பட்டவள் அல்ல. நாற்பது வருஷமாக அவரிடமிருந்து இட்லிப் பானையைக் காப்பாற்றி வருகிறவள். பஸ் ஸ்டாப் ஓரம் முறிந்து கிடந்த வேறொரு ஈழத்தலரிக் கிளையை எடுத்து வந்து, அவர் குளிக்கப்போன நேரம் பார்த்துத் தொட்டியில் மாற்றி ஊன்றிவிட்டாள். இலையில்லாத ஈழத்தலரிக் கிளை என்பது சாம்பல் பூசிய ஒரு கட்டை விரல்; ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் படைத்தவனுக்கே வித்தியாசம் தெரியாது. டீச்சரின் கிளை அவர்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் புஷ்பாவின் பால்கனிக்குப் போயிற்று. புஷ்பா கோயம்புத்தூர்ப் பெண்; கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே.

"அங்கிளுக்கு மூச்சு விடக் கூடாது, தெரிஞ்சுதா?"

"அவருக்கு மூட்டு வலிங்க ஆன்ட்டி, மாடிப்படி ஏறவே மாட்டாரு."

"நீயும் தொடாதே."

"அய்ய, நான் எதுக்குங்க தொடப்போறேன்?"

கீழே சோதனை தொடர்ந்தது. தினமும் காலை ஏழு மணிக்குப் பிடுங்கல், ஏழு ஐந்துக்குப் பதிவு. முப்பதாம் நாள் அந்தக் கிளை கறுத்து, விரல் வைத்தால் பழுத்த வாழைப்பழம் மாதிரி அமுங்கியது. டைரியில் சிவப்பு மையில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு ஜெகநாதன் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. "டீச்சர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று மட்டும் அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தார். மங்களத்துக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மூட்டு வலி பறந்துவிடுமே! விழுங்கிவிட்டாள்.

மே பாதியில் டீச்சர் வந்து இறங்கினார். ஆட்டோ நிற்பதற்குள் ஜெகநாதன் கேட்டருகே போய் நின்றார்.

"டீச்சர், மன்னிச்சிருங்க. உங்க கிளை போயிருச்சு. என் கைதான் கொன்னுருச்சு."

டீச்சர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பையை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "பரவால்ல சார். இனிமே ஞாயித்துக்கிழமைக்குக் கடையில வாங்கிக்கறேன்" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மங்களத்தால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "நக்கோ, வேணாம் டீச்சர், அழாதீங்க. எந்திரிங்க, மாடிக்கு வாங்க!"

நால்வரும் பால்கனியில். தொட்டியில் டீச்சரின் கிளை நிமிர்ந்து நின்றது. நுனியில் அணில் காது மாதிரி இரண்டு பச்சைத் துளிர். ஜெகநாதன் மங்களத்தைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார், இத்தனை நாள் தான் ஆராய்ந்தது எதை என்று புரிந்துகொண்டார். டீச்சர் அழுதார், சிரித்தார், இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

அத்தோடு எல்லோரும் கீழே இறங்கியிருக்கலாம். ஆனால் டீச்சருக்கு விஷயம் தெரியுமே! கிளைக்குள் இருக்கிற சத்தை வைத்தே சில சமயம் துளிர் வந்துவிடும், கீழே வேர் இருக்காது. தெரிந்தவர்களுக்குத்தானே கை அரிக்கும்?

"துளிர் சரி. வேர் விட்டிருக்கா?" என்று குனிந்தார். பிடித்தார். மெல்ல ஒரு இழு.

வந்துவிட்டது. அடியில் வெள்ளை நூல் மாதிரி மூன்று வேர்கள். அதில் ஒன்று பாதியில் அறுந்து தொங்கிற்று.

"ஐயோ டீச்சர், மெதுவா! வெள்ளிக்கிழமை நான் பாத்தப்போ இன்னும் நீளமா இருந்துச்சே!" என்று அலறினாள் மங்களம்.

"இல்லீங்க ஆன்ட்டி, அதுக்கப்புறம் புதன்கிழமை நான் எடுக்கறப்பவே அது அறுந்துருச்சுங்க" என்றாள் புஷ்பா.

மூன்று பெண்களும் மூன்று திசையில் பார்த்தார்கள். ஜெகநாதனின் மீசை துடித்தது.

"அப்போ எல்லாரும் பாத்திருக்கீங்க. நான் ஒருத்தன்தான் பாக்கலை."

அவர் கையை நீட்டினார். டீச்சர் கிளையைக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், எண்ணினார். முப்பத்துநாலு வருஷத்தில் எந்தப் பொருளையும் அவ்வளவு மென்மையாக அவர் பிடித்ததில்லையாம், மங்களம் சொன்னாள்.

"மூணு. ஒண்ணு டேமேஜ். பாஸ்."

எட்டுக் கைகளும் சேர்ந்து கிளையை மறுபடி நட்டன. அதன்பிறகு யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. பால்கனிக் கதவுக்கு நான்கு பூட்டுப் போட்டு, ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டார்கள். நால்வரும் ஒப்புக்கொண்டால்தான் கதவு திறக்கும். புஷ்பா துணிகளை மின்விசிறிக்கு அடியில் உலர்த்துகிறாள். ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்தான். தொட்டி சுவரோரமாக மறைந்து நிற்கிறது.

பூட்டி இன்று பதினெட்டாம் நாள்.

கிளை பிழைத்ததா என்று கேட்கிறீர்கள். டீச்சருக்குப் பூ திரும்பக் கிடைக்குமா, துளிர் வாடிவிட்டதா, பூட்டைத் திறந்து ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு நிமிஷம், மண்ணைக்கூடத் தொடாமல் எட்டிப் பார்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அதுவும் அக்கறையினால்தான், இல்லையா?

ஐந்தாவதாக ஒரு பூட்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு உங்கள் பெயர். சாவி மட்டும் உங்களுக்குக் கிடையாது.