நாற்பத்திரண்டு வரவில்லை

கண்டக்டர் உள்ளே காலை வைத்ததும் வகுப்பே எழுந்து நின்றது.

பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பி.ஏ. பொருளாதாரம் முதலாண்டில் சேர்ந்தவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை, கக்கத்தில் தோல்பை. பிள்ளைகள் மேல் தப்பில்லை.

"அட, உக்காருங்கப்பா," என்றார் கூச்சத்தோடு. சொன்ன சொல்லுக்கு உட்கார்ந்தார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"அட்டெண்டன்ஸ் ஐயா," என்று முன்வரிசைப் பெண் மேஜைமேல் கிடந்த வருகைப் பதிவேட்டை அவர் கையில் திணித்தாள்.

நானும் மாணவன்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இருபத்தேழு வருஷம் தலை எண்ணிப் பழகிய வாய், "ஒண்ணு" என்றது.

எல்லா எண்ணுக்கும் குரல் வந்தது, நாற்பத்திரண்டைத் தவிர.

"முதல் நாளே மட்டமா? உருப்பட்ட மாதிரிதான்," என்று 'வரவில்லை' என அழுத்தி எழுதினார்.

அப்புறம்தான் சட்டைப்பையிலிருந்த சேர்க்கைச் சீட்டு உறைத்தது. எண் நாற்பத்திரண்டு. அடியில் கொட்டை எழுத்தில், 'முதல் நாள் வராதவர் இடம் ரத்து.'

நாற்பது வருஷமாக ஆசைப்பட்ட இடம். அடித்து எழுதலாமென்றால், 'ஆசிரியர் கையெழுத்தில்லாத திருத்தம் செல்லாது' என்றது பதிவேடு. உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம் என்பார்கள்.

அதற்குள் ஒருவன் எழுந்தான். "விலை ஏறினா தேவை குறையும்னு புத்தகத்துல இருக்கே, எப்பவுமா ஐயா?"

"டிக்கெட் விலையை ஏத்திப் பாரு. ரெண்டு ஸ்டாப் போறவன் நடந்துடுவான். ஆஸ்பத்திரிக்குப் போறவன் முணுமுணுத்துக்கிட்டே ஏறுவான். வேற வழி இருக்கா இல்லையாங்கறதுதான் கணக்கு."

வகுப்பு குனிந்து எழுதியது. கடைசி பெஞ்சில் ஒல்லியாக ஒரு பெண் பக்கம் பக்கமாக எழுதினாள். ஆளாளுக்குக் கேட்க, அவர் மணியடிக்கும்வரை பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை.

எல்லாரும் போனபின் அந்த ஒல்லிப் பெண் மட்டும் வந்தாள். "நாப்பத்திரெண்டு நீங்கதானே?"

"ஆமாம்மா. காட்டிக் குடுத்துடாதே, புண்ணியமாப் போகும்."

அவள் பதிவேட்டை வாங்கினாள். 'வரவில்லை'யை அடித்து, 'வந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

போன உயிர் பாதி திரும்பியது. "அம்மாடி, அதுல ஆசிரியருல்ல கையெழுத்துப் போடணும்?"

"ஆசிரியர்தான் போட்டிருக்கேன் ஐயா. எனக்கும் இன்னிக்குத்தான் முதல் நாள், தைரியம் வரட்டும்னு பின்னாடி உக்காந்திருந்தேன், நீங்க வந்ததும் நானும் எழுந்து நின்னுட்டேன். நாளைக்கும் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க."